ஆவுடைக்குப் பக்கத்தில் ஆவுடை

சங்கரன்கோவிலில் ஒரே உடம்பில் இரண்டு பேர் இருப்பது புதிய சங்கதி அல்ல. கோவிலின் நடுச் சன்னதியில், ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி பெருமாளாகவும் ஒரே சாமி எந்தக் காலத்திலிருந்தோ நின்றுகொண்டிருக்கிறார். அங்கே திருநீறும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஒரே வாசல் வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஆவுடைக்குள் இன்னொருத்தி குடிவந்தபோது, ஊர் அதை ஒரு நாள் பேசியது, மறுநாள் சிரித்தது, அதற்கும் மறுநாள் ஆதார் கார்டை நீட்டி ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றது.

ஆவுடைக்கு நாற்பது தாண்டிய வயது. விடிவதற்கு முன்னால் எழுந்து, மாமனாருக்குச் சீனி போடாத காப்பியும், மகள் இந்துஜாவுக்குச் சோற்று டப்பாவும், பாத்திரக்கடையில் கல்லாவில் உட்காரும் புருஷன் பரமசிவனுக்குத் தூக்குவாளியும் தயார் செய்துவிட்டு, கடையைத் திறந்து, பொழுது சாயும்வரை ஊராருடைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, வீடு திரும்பி மறுபடியும் அடுப்பைப் பற்றவைப்பவள். அவளுக்குக் களைப்பு என்பது வந்து போகும் விருந்தாளி அல்ல, வீட்டிலேயே இருக்கும் ஆள். அதற்கும் சேர்த்துத்தான் அவள் தினமும் அரிசி களைந்தாள்.

கடையில் அவள் அதிகமாகச் செய்த வேலை, பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற ஓஎஸ்ஸை, அதாவது அதை ஓட்டுகிற மென்பொருளை, எடுக்காமல் அதன் பக்கத்திலேயே இரண்டாவதாக இன்னொன்றைப் போட்டுக் கொடுப்பது. புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. சொல்லிச் சொல்லி அது தாலாட்டு மாதிரி ஆகியிருந்தது. முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு பழையவனைக் கொஞ்சம் ஒதுங்கி உட்காரச் சொல்லுங்கள். ஒதுங்கிய இடத்தில் புதியவனைக் குடிவையுங்கள். இரண்டு பேரும் கை நீட்டி எடுக்கும்படி நடுவில் ஒரு பொது அறை விடுங்கள். எங்கே போட வேண்டும் என்று அது கேட்கும்போது 'பக்கத்தில்' என்று சொல்லுங்கள், 'எல்லாவற்றையும் அழி' என்று மட்டும் தப்பித்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

அன்றைக்கு வந்தவர் தளவாய் அண்ணாச்சி. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸில் இருக்கும் மகன் தான் பயன்படுத்திச் சலித்த லேப்டாப்பை அப்பாவுக்கு அனுப்பிவைத்திருந்தான். அது திறந்து முடிப்பதற்குள் அவர் ஒரு பீடி குடித்து முடித்துவிடலாம். பக்கத்தில் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளும்படி மகன் போனில் சொன்னானாம்.

"ஏம்மா, ரெண்டாவதப் போட்டா முதலாவது கோவிச்சுக்கிடாதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"கோவிக்காது அண்ணாச்சி. ரெண்டும் ஒரே நேரத்துல முழிச்சிருக்காது. ஒண்ணு எந்திரிச்சா மத்தது தூங்கும். ஒண்ண ஒண்ணு பாத்துக்கிடவே செய்யாது."

"அப்பம் நல்ல குடும்பம்தான்."

"திறக்கும்போது ரெண்டு பேரு பேரும் வரும். எது வேணுமோ அத அமுக்கணும். பத்து எண்ணுததுக்குள்ள நீங்க ஒண்ணும் அமுக்கலன்னா, பழசே எந்திரிச்சு வந்துரும்."

அண்ணாச்சி தலையாட்டினார். ஆவுடை பென்டிரைவைச் சொருகினாள். வெளியே ஆனி மாதத்துக் காற்று தகரப் பலகைகளை அடித்துக்கொண்டிருந்தது. திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன, அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். எங்கே போட வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அவள் கண் சொருகி, நெற்றி விசைப்பலகையின் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே, யாரோ வீட்டில் பாத்திரத்தை எங்கே வைக்க என்று கேட்டதாக நினைத்து, "இங்கனயே பக்கத்துல வையி" என்றாள்.

அது வைத்தது. திரையில் ஓட வேண்டிய பச்சைக் கோடு அவள் நெற்றியின் குறுக்கே இடமிருந்து வலமாகப் பையப் பைய ஓடியது. அண்ணாச்சி இதையெல்லாம் முதல் தடவையாகப் பார்க்கிறவர் ஆகையால், இப்படித்தான் போடுவார்கள்போலிருக்கிறது என்று நினைத்து, கோடு முழுதாக ஓடி முடியும்வரை குடையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். ஆவுடை விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய லேப்டாப்புக்கும் ஒன்றைப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஊருக்கெல்லாம் பிரதி எடுக்கச் சொல்லுகிறவள் தனக்கு மட்டும் எடுத்துவைத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் பரமசிவன் அவளை எழுப்பப் போனபோது, அவள் நெற்றியில் இரண்டு வரிகள் மங்கலாகத் தெரிந்தன. மேல் வரியில் ஆவுடை என்று இருந்தது. கீழ் வரியிலும் ஆவுடை என்றுதான் இருந்தது. திருநீறு கலைந்திருக்கிறதென்று நினைத்து அவன் கட்டைவிரலால் கீழ் வரியைத் துடைத்தான். அவள் கண்ணைத் திறந்து, சிரித்து, "வெயில் நல்லா இருக்குல்லா?" என்றாள்.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் காலையில் அந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை.

வந்தவளுக்கு ஊரே பெயர் வைத்தது. ஒரு வீட்டில் இரண்டு பெண்டாட்டி இருந்தால் முதல் வந்தவள் மூத்தாள், பின்னால் வந்தவள் இளையாள். அந்த வழக்கத்துக்கு வேறு கணக்குத் தேவைப்படவில்லை. பரமசிவன் தெருவில் போனால், டீக்கடையிலிருந்து குரல் வரும். "வே பரமசிவம், ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணக் கட்டிக்கிட்டு முழிக்கோம், ஒமக்கு மட்டும் ரெண்டு சம்சாரம், சேலை ஒருத்திக்கு எடுத்தாப் போதும்! குடுத்து வச்ச ஆளுவே!" அவன் வெட்கப்பட்டுக்கொண்டே வேகமாக நடப்பான்.

சிக்கல்களை ஊர் ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தது. பக்கத்து வீட்டுத் தங்கப்பழம் மைனி, மகள் வளைகாப்புக்கு ஆவுடையை அழைத்துக் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனாள். வளைகாப்பு அன்றைக்கு எழுந்தவள் இளையாள். "என்ன யாரும் கூப்பிடலயே மைனி, கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவேன்?" என்று அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மைனி தலையில் அடித்துக்கொண்டு குங்குமச் சிமிழோடு மறுபடி வந்தாள். அதிலிருந்து அந்த வீட்டுக்கு எல்லாரும் இரண்டு நாள் வந்து இரண்டு தடவை அழைத்தார்கள். பந்தியில் ஓர் இலையா இரண்டு இலையா என்று ஒரு கல்யாணத்தில் வாக்குவாதம் வந்து, வயிறு ஒன்றுதானே என்று ஓர் இலையும், மனசு இரண்டாயிற்றே என்று இரண்டு தாம்பூலப் பையும் கொடுப்பதாக முடிவானது.

இளையாள் சுறுசுறுப்பானவள். கடையில் எந்தக் கூட்டம் நின்றாலும் சிரித்தாள், இந்துஜாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே பாட்டுப் பாடினாள், களைப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு குறை. நாற்பது வருஷச் சாமான்களை அடுக்கி வைத்துக்கொண்டு மூத்தாள் பெரும்பகுதியை அடைத்துக் கிடந்ததால், இளையாளுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். எது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. மாமனாருக்குச் சர்க்கரை நோய். அவர் திருட்டுத்தனமாக அள்ளித் தின்பார் என்று மூத்தாள் சீனி டப்பாவை ஒளித்துவைத்திருந்தாள். இளையாள் தேடிப் பார்த்துவிட்டு, கையில் அகப்பட்ட கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காப்பி கொடுத்தாள். கிழவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இளையா மருமவதாண்டே மருமவ," என்றார் தெருவில் போகிறவர்களிடம்.

ஆவுடைக்கு, அதாவது மூத்தாளுக்கு, முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிழைத்தால் போதும் என்பது லேசான காரியமா? ஆனால் அவள் கண்டுபிடித்த முதல் விஷயம், தூங்கியது அவள், உழைத்தது உடம்பு என்பது. மூன்று நாள் தூங்கி எழுந்தாலும், அவள் பார்க்காத வேலையின் வலி அவள் முழங்காலில் இருந்தது. அவள் துவைக்காத துணியின் சோப்பு அவள் விரலிடுக்கில் எரிந்தது. கடிகாரமும் போயிற்று. இளையாள் எந்த ஊர்க் கணக்குப்படி வந்தவளோ, படுக்கும் முன் உள்ளே இருக்கும் கடிகாரத்தைத் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் மூத்தாள் எழும்போது வாசலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், அவளுக்குள்ளே நடுச்சாமம். கோவில் மணி அடிக்கும், பால்காரர் வந்து போவார், பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும், அவள் நடுச்சாமத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றிருந்தது, வாரத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காலையில் கை தானாகக் கீழ் வரிக்குப் போனது. பரமசிவன் மறந்தால் மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கீழ் வரியைத் தொட்டுவிட்டுப் போனார். யாரும் தொடாவிட்டால் பத்து எண்ணும் நேரத்தில் மூத்தாள் எழுந்துவிடுவாளே என்று, பரீட்சை நாள் ஒன்றில் இந்துஜா இளையாளின் காதில், "இனிமே நீதான் முதல்ல வரணும்" என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான் அதற்குச் செய்ய வேண்டியிருந்தது. வரிகள் இடம் மாறி, இளையாள் மேலே வந்தாள். அதன்பின் மூத்தாளை யாராவது பெயர் சொல்லி எழுப்பினால்தான் உண்டு. கேஸ் சிலிண்டர்ப் புத்தகம் காணவில்லை, மாமனார் மாத்திரை எந்த வேளைக்கு எது என்று தெரியவில்லை என்றால் எழுப்பினார்கள். அவள் எழுந்து, காலண்டரைப் பார்த்து, போன தேதிகளை எண்ணாமல், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்து, கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு ஒரு நாள் மாலையில் பரமசிவன் அவளை எழுப்பினான். கையில் காராச்சேவுப் பொட்டலம் இருந்தது. அவள் முன்னால் பிரித்து வைத்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பெண் பார்க்க வந்த நாளிலும் அவன் இதே மாதிரிதான் காராச்சேவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்ல," என்றான். "அவளுக்கு எடம் பத்தலங்கா. எதையும் மனசுல வைக்க முடியல. மாத்திரையக் காலையில குடுத்துட்டு மறுபடியும் குடுக்கப் போயிட்டா. அப்பாக்கு நேத்தைக்குத் தலை சுத்திருச்சு."

"நான் எழுதி ஒட்டி வைக்கேன்."

"அது இல்ல ஆவுடை." அவன் ஒரு சேவை எடுத்து இரண்டாக ஒடித்தான். "ஒண்ணே ஒண்ணு இருந்தா எடம் தாராளமா இருக்கும்லா. நீதான் எப்பவும் சடைச்சுப் போயி கெடக்க. உனக்கும் ஓய்வா இருக்கும். அதுதான்…"

"என்ன அழிச்சிரணுமா?"

"அப்படிச் சொல்லாத." அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. "எனக்கு அது எப்படின்னு தெரியாது. ஊர்ல அந்த வேலை தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

கதவுக்கு அந்தப் பக்கம் இந்துஜாவின் கொலுசு சத்தமில்லாமல் நின்றிருந்தது. கூடத்தில் கிழவர் இருமாமல் இருந்தார். அவர் இருமாமல் இருந்தால் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம். ஆவுடை ஒரு சேவை எடுத்து வாயில் போட்டு, மெல்ல, மெல்ல, மென்றாள். மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். சண்டை போட வேண்டும், அழ வேண்டும், அழுததற்குப் பிறகு முகம் கழுவிவிட்டு இட்லிக்கு ஆட்ட வேண்டும். யோசித்துப் பார்த்ததில், அழிந்துபோவது அதைவிடக் குறைந்த வேலையாக இருந்தது.

"சரி," என்றாள். "தபசு வரட்டும். செஞ்சு குடுக்கேன்."

பரமசிவன் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

மறுநாளும் அவளையே எழுப்பினார்கள். கடையில் வரி கட்டுகிற வேலை ஏதோ இருந்தது, அது இளையாளுக்குத் தெரியாது. அன்றைக்குத் தளவாய் அண்ணாச்சி குடையும் லேப்டாப்புமாக வந்தார்.

"மூத்தாளாம்மா? நல்லதாப் போச்சு, உன்கிட்டத்தான் கேக்கணும். நீ பொது அறைன்னு ஒண்ணு விட்டியே, பேரன் பேத்தி போட்டோ எல்லாம் அதுலதான் கெடக்கு. இந்த ரெண்டாவது சவம் அதப் பாக்குது, ஆனா அதுல ஒண்ணும் வைக்க மாட்டேங்கு. கதவு திறந்திருக்கு, கால் எடுத்து வைக்க முடியலங்கு."

"பழச எப்படி அணைச்சீங்க அண்ணாச்சி?"

"மூடிய மூடினேன்."

"மூடினா அது அணையாது. சும்மா தூங்கும். அரைத்தூக்கம்." அவள் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே, எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள். "மறுபடி எந்திரிச்ச ஒடனே வேலையத் தொடங்கணும்னு, எல்லாத்தையும் கையில புடிச்சுக்கிட்டே கண்ண மூடிக் கெடக்கும். அது விட்டாத்தானே அடுத்தவ உள்ள ஒண்ணு வைக்க முடியும்? முதலாவது ஒவ்வொண்ணா கீழ வச்சிட்டு, முழுசா அணையணும். அப்பம்தான்…"

அவள் நிறுத்தினாள்.

"அப்பம்தான்?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நான் அணைஞ்சதே இல்ல."

கண்டக்டராக இருந்தவர் ஆதலால் இறங்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டார்.

ஆவுடை அன்றைக்குக் கடையை வெள்ளன அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். விளக்கு வைக்கிற நேரம். பொம்பளை படுக்கக் கூடாத நேரம். தங்கப்பழம் மைனி வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று, "ஏளா, லட்சுமி வாற நேரத்துல தலையணையத் தூக்கிக்கிட்டு எங்கன போற?" என்று கத்தினாள். ஆவுடை உள்ளே போய்ப் படுத்தாள். பிறகு கையில் பிடித்திருந்ததை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். நாளைக்குப் பால் பாக்கெட் மூன்று என்பதைக் கீழே வைத்தாள். தண்ணீர் வருகிற முறையைக் கீழே வைத்தாள். மாமனாரின் வெள்ளை மாத்திரையையும் மஞ்சள் மாத்திரையையும் வைத்தாள். இந்துஜாவின் சீருடையில் அறுந்த பொத்தானை வைத்தாள், மைனியிடம் திருப்பிக் கொடுக்காத பாத்திரத்தை வைத்தாள், பரமசிவன் காராச்சேவைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை வைத்தாள், அது கொஞ்சம் கனமாக இருந்தது, இரண்டு கையாலும் வைத்தாள். ஒளித்து வைத்த சீனி டப்பா எங்கே இருக்கிறது என்பதையும் கடைசியாகப் பொது அறையின் அலமாரியில் வைத்தாள். பிறகு கை காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின இரவிலிருந்து காலியாகாத கை. அவள் அணைந்தாள்.

தபசுக்கு முதல் நாள் காலையில் பரமசிவன் அவளைப் பெயர் சொல்லி எழுப்பினான். கண்ணைத் திறந்தபோது வெளியே விடிந்திருந்தது, உள்ளேயும் விடிந்திருந்தது. யாரோ கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாளைக்குத் தபசு," என்றான் பரமசிவன்.

அவள் காப்பி போட்டாள், சோறு வடித்தாள், கடைக்குப் போனாள். தெருவெல்லாம் பந்தல், கோவிலுக்குள் ஆடிச்சுற்றுச் சுற்றுகிற பெண்கள் வேர்த்து விறுவிறுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றுகிறவர்களின் கால்வலியை எல்லாம் ஒற்றைக்காலில் நிற்கிற அம்பாள் தானே வாங்கிக்கொள்கிறாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆவுடை கடையில் கதவைச் சாத்திக்கொண்டு, கடை லேப்டாப்பைத் திறந்து, நெற்றியை அதன்மேல் சாய்த்தாள். உள்ளே போகிற வழியில் பொது அறை இருந்தது. அவள் வைத்துவிட்டுப் போன சாமான்களெல்லாம் அலமாரியில் தூசி தட்டி வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே அவள் வைக்காத ஒன்று இருந்தது.

அது ஒரு பெருமூச்சு.

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தன்னுடைய பெருமூச்சுகள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். அடுப்படியில் விடுவது ஒன்று, படியேறும்போது விடுவது ஒன்று, விருந்தாளி வந்த பின் உள்ளே வந்து விடுவது ஒன்று. இது அவற்றில் ஒன்றும் இல்லை. இது இளசாக இருந்தது, பழக்கமில்லாமல் கோணலாக இருந்தது, விட்டவளுக்கு இதை என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் விட்டிருக்கிறாள். முழங்கால் வலிதான். அதே முழங்கால். நாள் பூராவும் சிரித்துவிட்டு, சிரித்த முகத்தைக் கழற்றி வைக்க ஓர் ஆணிகூட இல்லாத வீட்டில், அவள் இதை மட்டும் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறாள்.

ஆவுடைக்கு அப்போதுதான் புரிந்தது, களைப்பு தன்னுடைய சொத்து இல்லை, அது வீட்டோடு சேர்ந்தது. யார் குடிவந்தாலும் அவர்கள் மேல் ஏறும். தான் போய்விட்டால் இந்தப் பெண் தனியாக இதில் மாட்டிக்கொள்வாள். இன்னும் கொஞ்ச நாளில் இவளும் சடைத்துப்போவாள். அப்போது பரமசிவன் ஒரு காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, மூன்றாவதாக ஒருத்தியைப் போட்டுக் கொடுக்கும்படி, கண் கலங்க, உண்மையாகவே கண் கலங்க, இவளிடம் கேட்பான்.

திரை கேட்டது: எதை அழிக்க வேண்டும்?

அவள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள். புதிதாக வருகிறவர்கள் யாரும் திறக்காத சின்னப் பக்கம் ஒன்று அதற்கு அப்பால் உண்டு. முதலில் யார் வருவது என்ற இடத்தில், யாரும் இல்லை என்று வைத்தாள். எவ்வளவு எண்ணும்வரை காத்திருப்பது என்ற இடத்தில், எண்ணவே வேண்டாம் என்று வைத்தாள். பெருமூச்சை மடித்துத் தன் சாமான்களோடு அடுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், இட்லிக்கு ஆட்டாமல் படுத்துக்கொண்டாள்.

தபசு அன்றைக்குக் காலையில் பரமசிவன் வந்து மேல் வரியைத் தொட்டான். அவள் எழவில்லை. கீழ் வரியைத் தொட்டான், எழவில்லை. பத்து எண்ணினான். திரும்பவும் பத்து எண்ணினான். நெற்றியில் இரண்டு பெயரும் பளிச்சென்று தெரிந்தபடியே நின்றன. கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மாமனார் வந்து தடியால் கட்டில் காலைத் தட்டினார். இந்துஜா காதருகே குனிந்து, "இளையாம்மா… மூத்தாம்மா…" என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, பிறகு வெறுமனே "அம்மா" என்று கூப்பிட்டு, அழுதாள். பால்காரர் பாலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தங்கப்பழம் மைனி மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, வெளக்கு வைக்கிற நேரத்துல படுத்தா, நான் அப்பமே சொன்னேனே!" என்று தெருவைக் கூட்டிவிட்டாள்.

தபசுக்குப் போக வேட்டி மடித்துக்கட்டி வந்த தளவாய் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து அவள் நெற்றியைப் படித்தார்.

"ஒண்ணும் கெட்டுப்போகல வே," என்றார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். இது ரெண்டு பேரும் வந்து நிக்கிற எடம். காத்துக்கிட்டு இருக்கு."

"யாருக்காக அண்ணாச்சி?" என்றான் பரமசிவன்.

"அது எனக்கு எப்படிவே தெரியும்? ஆனா முந்தி மாதிரி நாம அமுக்குததுக்கு இல்ல. அவங்களா எந்திரிச்சு வந்தாத்தான் உண்டு. எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்காதீரும். டிக்கெட்டுல போடல."

கூட்டம் கொஞ்சம் நின்று பார்த்தது. தபசு மண்டபத்துக்கு அம்பாள் புறப்படுகிற நேரமாவதால், ஒவ்வொருவராகக் கோவிலைப் பார்த்துப் போயிற்று. கிழவர் மட்டும், "காப்பி?" என்றார். பரமசிவன் பால்காரரின் கையிலிருந்து பாலை வாங்கிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ வீடுகளுக்குப் பால்சட்டி விற்றவன், தன் வீட்டுப் பால்சட்டி எதுவென்று தெரியாமல் அடுப்படி வாசலில் நின்றான்.

உள்ளே, இரண்டு பெயர்களும் எழுதியிருந்த அந்த இடத்தில், ஆவுடை கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தியும் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இத்தனை நாளும் அது தோன்றவில்லை. முகம் தன் முகம்தான். காதோரம் மட்டும் ஒரு பூ கூடுதலாக இருந்தது.

"அக்கா," என்றாள் இளையாள். "கடியாரம் உங்களுது தப்புன்னு நெனச்சு நான்தான் திருப்பித் திருப்பி வச்சேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"அது கெடக்கட்டும். முட்டி எப்படி இருக்கு?"

"வலது முட்டி."

"எனக்கும் அதுதான்."

வெளியே பொழுது சாய்ந்து, தூரத்தில் மேளம் கேட்டது. தெற்கு ரத வீதியில், சிவனும் பெருமாளும் இரண்டு பேரும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்பாள் இருந்த தவத்துக்குக் காட்சி கொடுக்கிற நேரம். விவசாயிகள் காணிக்கையாக வீசி எறிந்த பருத்தியும் மிளகாயும் தலைக்கு மேல் பறக்க, ஜனங்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

"நீங்க போறீங்களா அக்கா, நான் போவவா?" என்று கேட்டாள் இளையாள்.

"போகலாம். பைய."

அடுப்படியில் சாயங்காலப் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. இந்துஜா, "அப்பா, அந்தத் துணியால புடிங்க" என்றாள். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பிறகு பரமசிவன் அடுப்படியிலிருந்தே, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டான்:

"சீனி எங்க இருக்கு?"

இப்போது அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.